பந்திக்கு முன் ஒரு வார்த்தை

இந்த ஸ்டேஷன் நாற்காலி ஆடுகிறது ஐயா. பின்கால் ஒன்றின் அடியில் காகிதத்தை மடித்து வைத்தால் சரியாகிவிடும். இருபத்தாறு வருடமாகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை எனக்கு. குண்டுமணி அளவு கோணல் என்றாலும் கண் அங்கேதான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை விசுவாசிகளைக் கண்டால் எனக்குக் குமட்டும். ஆராதனையில் கண்ணீர் விடுவார்கள். வாசலைத் தாண்டியதும் செருப்புக்குச் சண்டை போடுவார்கள். எங்கள் அப்பா எங்களை அப்படி வளர்க்கவில்லை. சாப்பிட உட்காருமுன் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்து, "உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லவேண்டும். மனதாரச் சொல்லவேண்டும். முடியாதவருக்கு அந்த வேளை தட்டு கிடையாது. அப்பா போனபிறகும் நானும் அக்காவும் அதை ஒரு வேளைகூட விட்டதில்லை.

அக்காவுக்கு வாய் நீளம். சபைப் பெண்கள் கூட்டத்தில் என்னைப் பற்றி, "ஞாயித்துக்கிழமை சட்டையைக் கழட்டுறப்போ கர்த்தரையும் சேத்து ஆணியில மாட்டிடுவான்" என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டு மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். அங்கேயும் சிரித்தாள். ஒரு கையால்தான் தள்ளினேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கால் தவறி விழுந்ததாக அவளே டாக்டரிடம் சொன்னாள். பொய். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அவள் கட்டிலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. தட்டை எடுத்துவிட்டேன். நான் என் வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே சாப்பிட்டேன். அன்றிலிருந்து மூன்று வேளையும் சூடாகச் சமைத்தேன், மூன்று வேளையும் காத்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். அப்பாவின் சட்டம் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா கேட்டபோது, அக்கா உபவாசம் இருக்கிறாள் என்றேன். முகம் சுளிக்காதீர்கள் ஐயா. சுளிக்கவேண்டியவன் நான். அந்த அறையின் வாடை, வெடித்துப்போன உதடு, படுக்கையிலேயே போனதை வழித்தெடுத்த இந்தக் கை. அவ்வளவு அருவருப்பிலும் எனக்கு ஒருநாள்கூட ஜெபம் தப்பவில்லை.

பத்தொன்பதாம் நாள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லடா தம்பி. சோறு குடு."

அதையும் நிறுத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு பசி, கால் பங்குதான் மன்னிப்பு. குறை எடைக்கு முத்திரை வைத்துப் பழக்கமில்லை எனக்கு. தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.

பட்டினி போட்டுக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுக்கவில்லை. கடைசிவரை அவள் மனம் திரும்பவில்லை என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் நல்லது.

எனக்காக வாங்கி வந்த அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள் ஐயா, ஆறிப்போகிறது. அக்காமேல் எனக்கு ஒன்றும் இல்லை.