வெயிலில் பிடித்த வானம்

அவைக்குத் தலைமை தாங்கும் அருமைக்குரிய காளியப்பக் கவுண்டர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே, பந்தலுக்கு வெளியே பொறுமையாய் நிற்கும் பாசமிகு தாய்மார்களே, சேலத்துக் கல்லூரியிலிருந்து எங்களை மறுபடியும் மதித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துச் சிற்றூரின் பஞ்சாயத்துத் தலைவன் மணியன், கூப்பிய கையோடும் குனிந்த தலையோடும் வணங்குகிறேன்.

பாராட்டு விழா என்று தட்டியில் எழுதிவிட்டோம். யார் யாரைப் பாராட்டுவது?

போன மாதம் இந்த மாணவர்கள், மேலிருந்து பூமியைப் படம் பிடிக்க, வானிலை பலூனில் பிலிம் கேமராவைப் பெட்டியில் வைத்துக் கட்டி வானில் விட்டார்கள். ஓராண்டு உழைப்பு! ஏறியது, எட்டாத உயரம் ஏறியது, பருந்தும் பறக்காத உயரம் ஏறியது! அங்கே பலூன் வெடித்து, பாராசூட் குடை விரிந்து, பெட்டி நம் சௌந்திரம் அம்மாளின் கடலைக்காட்டில் இறங்கியது. ஒரு கீறல் இல்லை. வானம் பத்திரமாகத் தந்ததை நாம் என்ன செய்தோம்?

டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்த நம் நாச்சிமுத்து, "பிலிமுன்னா வெயில்ல புடிச்சாத்தானுங்க படம் தெரியும்" என்றார். கொட்டகை வாசலில் பொறுக்கிய துண்டுகளை நாமெல்லாம் அப்படித்தானே பார்த்தோம்? கேமராவைத் திறந்து பிலிம் சுருளை உருவினோம். ஊரே கூடி உருவினோம்! ஒன்றும் தெரியவில்லை. "மேகத்துக்குள்ள என்னத்தைங்க தெரியும்?" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். சிரிக்காதீங்க சாமி! முதலில் கை நீட்டியவனே நான்தான். அதோடு விட்டோமா? சுருளை மாரியம்மன் கோயிலுக்குத் தோரணமாகக் கட்டினோம்.

ஊர் ஊராய் விசாரித்துக்கொண்டு வந்தார் மாணவர் மயில்சாமி. தோரணத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"படமெல்லாம் நல்லா வந்திருக்குதுங்களா தம்பி?" என்று சௌந்திரம் அம்மாள் கேட்டார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குதுங்கம்மா. பத்திரமா வெச்சிருந்தீங்க."

நாம் போட்ட விருந்தைச் சாப்பிட்டார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கழுவுவதற்கு முன் வெளிச்சம் பட்டால் பிலிம் பாழ் என்று போட்டோக் கடைக்காரர் போன வாரம் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. வெட்கம், தாய்மார்களே, வெட்கம்! கெடுத்தது அறியாமை, அதைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் நம்மிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று ஒரு பிள்ளை நினைக்கும்படி நடந்துகொண்டோமே, அதை எப்படிப் பொறுப்பது? குழந்தைக்குச் சொல்வதுபோல் நமக்குப் பொய் சொன்னாரே! உண்மையைக் கேட்கும் தகுதி நமக்கில்லையா?

சின்னுசாமி, அந்த மாலையைக் கீழே வையப்பா. தம்பி மயில்சாமி, மேடைக்கு வாங்க. "உங்க ஊருதானுங்க எங்க படத்தைக் கெடுத்துப்போட்டுது" என்று இந்த ஒலிபெருக்கியில், உங்கள் வாயால், ஊர் கேட்கச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கு மாலை போட எங்களுக்கு அருகதை உண்டு.

இதுவரை பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி, வணக்கம். இனி பேசப்போவது தம்பி. எல்லோரும் எழுந்து நின்று கேளுங்கள்.