வெறும் துப்பாக்கி

முதன்முறையாகச் சுட வருகிறவர்கள் மூச்சை அடக்கி, கண்ணை இறுக்கிக்கொள்வார்கள். சிரிக்காமல் அதைத் திருத்துவதுதான் என் வேலையில் பாதி. எங்கள் கிளப்பின் சுடுதளத்தில் பத்தொன்பது வருடமாகப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவன் நான். அந்தச் சனிக்கிழமை வரை அங்கே யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

கோல்பி என் மருமகன். என் மகள் மார்லிஸ் போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. இன்னும் அவன் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். அவள் இறந்த அன்று வண்டியை ஓட்டியவன் அவன். ரேடியோவில் பாட்டை மாற்றக் குனிந்தான், வண்டி ஆற்றில் இறங்கியது. அவன் நீந்திக் கரையேறினான். மான்டானாவில் பனியில் வண்டி சறுக்குவது புதிதில்லை, இது விபத்து என்றார் நீதிபதி. அந்தச் சொல்லை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சவ அடக்கத்தில் என் கையைப் பிடித்து, "விபத்து மாமா, வெறும் விபத்து" என்று பதினொரு தடவை சொன்னான். எண்ணினேன்.

அக்டோபரில் அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒன்று புதிதாக வாங்கினான். ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தினால் போதும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். "நீங்கதான் மாமா சொல்லித் தரணும். வேற யார்கிட்டயும் எனக்குக் கை நடுங்கும்" என்றான். கட்டிக்கொள்ளப்போகிற பெண் ஜனெலையும் கூட்டிவந்தான். அவள் எனக்காக இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு எடுத்துவந்திருந்தாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி. தளத்தில் நாங்கள் மூன்று பேர்தான். கோல்பி சுட்ட முதல் ஐந்து குண்டும் குறிப் பலகைக்கு மேலே போயின.

"மானுக்கெல்லாம் இன்னைக்கு லீவு. பைன் மரந்தான் பாவம்" என்றாள் ஜனெல்.

"நீ வந்து சுடேன் பார்ப்போம், வாயாடி."

"நான் சுட்டா நீ வீட்டுக்கு அழுதுட்டே போவ."

தோளை எப்படிக் கொடுப்பது, விசையை எப்படி மெதுவாக இழுப்பது என்று காட்டினேன். ஆறாவது குண்டு வட்டத்துக்குள் விழுந்தது. சின்னப் பையனைப் போல என்னைக் கட்டிக்கொண்டான். மார்லிஸ் இருந்தபோதும் இப்படித்தான் கட்டிக்கொள்வான்.

தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதியவர்கள் நினைப்பார்கள். கடைசியாக ஏறிய தோட்டா குழலுக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் நானே விரல் விட்டுப் பார்ப்பேன். பார்த்த பிறகுதான் யாரையும் பலகைப் பக்கம் விடுவேன். இது நான் எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.

கோல்பி பலகைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் புதுக் குறிக் காகிதத்தை ஜனெலிடம் கொடுத்து, "கிளிப் பலகைக்குப் பின்னால இருக்கு, போய் மாட்டிட்டு வாம்மா" என்று மெல்லச் சொன்னேன். நூறு கெஜம் நடந்தாள். அகலமான பலகை, அதன் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஜனெல் எங்க மாமா?"

"வண்டிக்குப் போயிருக்கா, காபி எடுக்க. பெட்டியைக் கழட்டு."

கழற்றினான்.

"இப்ப வெறும் துப்பாக்கி. பலகையைப் பார்த்துப் பிடிச்சு விசையை ஒரு தடவை இழு. ஸ்பிரிங்குக்கு நல்லது."

என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தலையாட்டினேன். அவன் என்னை நம்பினான்.

போலீஸ்காரர்கள் நீங்கள் அதை விபத்து என்று எழுதி ஃபைலை மூடினீர்கள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். அவனும் அதையே சொல்வான், அந்தச் சொல் தொண்டையில் எப்படி அடைக்கிறது என்று தெரிந்துகொள்வான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து, "ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன் மாமா" என்கிறான். "உங்களைவிட்டா எனக்கு யார் இருக்கா?" என்கிறான். நான் சூப் ஊற்றிக் கொடுக்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஜனெலைக் கொன்றது நான். தோட்டா உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். அவளைப் பலகைக்குப் பின்னால் அனுப்பியதும் நான்தான். இதில் பழிவாங்கல் என்று எதுவும் இல்லை. உண்மை தெரிந்தால் அவன் மனம் ஆறும், அதற்காகத்தான் வந்தேன்.

இதை அவனுக்கு வாசித்துக் காட்டும்போது மட்டும், அவன் முகம் எனக்குத் தெரிகிற மாதிரி என்னை உட்கார வையுங்கள்.