வீட்டுக்குள் வித்தியாசம்

பொன்னாத்தாள்: நம்மூட்டுக்கா? மெட்ராஸ் டாக்டரு நம்மூட்டுக்கு எதுக்கு வாராரு?

வசந்தாமணி: அவருக்காக ஊர்க் கொழந்தைகளை அளந்தோமில்லையா ஆத்தா, அந்தக் கணக்கு முடிஞ்சுது. மத்தியானம் வண்டியில வாராரு.

பொன்னாத்தாள்: பி.ஏ. படிச்சவ போட்ட கணக்கு. அதுல நம்மூடு எங்க சாமி வந்துது?

வசந்தாமணி: ஒசரம், எடை, கைச்சுத்து மூணையும் சேத்துப் பாத்தோம். வயசால வர்றதைக் கழிச்சுட்டு, மிச்ச வித்தியாசத்தை ரெண்டாப் பிரிச்சோம். ஊட்டுக்கு ஊடு எவ்வளவு, ஒரே ஊட்டுக்குள்ள எவ்வளவுன்னு.

பொன்னாத்தாள்: தோட்டத்துக்காரனூட்டுது கொழுத்திருக்கும், கூலிக்காரனூட்டுது இளைச்சிருக்கும். இதுக்கொரு படிப்பாக்கும்.

வசந்தாமணி: அதான் இல்லை. ஊட்டுக்கு ஊடு கொஞ்சந்தான். ஊட்டுக்குள்ளதான் பெருசு.

பொன்னாத்தாள்: ஒரே சட்டிச் சோறு...

வசந்தாமணி: சட்டி ஒண்ணு. முட்டை யாரு வட்டல்ல விழுகுது? பையனுக்குத் தயிரு, பொட்டைப் புள்ளைக்கு நீச்சத்தண்ணி. இந்த வளவு பூராவும் இதே கதை. வெக்கமா இல்லையா உங்களுக்கெல்லாம்?

பொன்னாத்தாள்: மெல்லப் பேசு... உனக்குத் தயிரு ஊத்தாமயா படிக்க வெச்சேன்?

வசந்தாமணி: எனக்கு ஊத்துனே. அந்தத் தயிருதான்...

பொன்னாத்தாள்: ஏன் நிறுத்திட்டே?

வசந்தாமணி: ஒண்ணுமில்லை. யுத்தம் வந்து அரிசி கெடைக்காத காலத்துல, உள்ளுக்குள்ள வித்தியாசமே இல்லாத ஊடு இது ஒண்ணுதானாம். தம்பியும் தங்கச்சியும் ஒரே சீரா வளர்ந்திருக்காங்களாம். போட்டோ புடிச்சுப் புஸ்தகத்துல போடறாராம். ஊர் பாத்துக் கத்துக்கோணுமாம்.

பொன்னாத்தாள்: போட்டோவா...

வசந்தாமணி: கந்தவேலையும் நல்லம்மாளையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு.

பொன்னாத்தாள்: நல்லம்மாளுக்குக் காச்சலுன்னு சொல்லிரலாமா? இல்லாட்டி அவ அத்தை ஊட்டுக்கு...

வசந்தாமணி: ஆத்தா.

பொன்னாத்தாள்: கணக்குப் போட்டவ நீதானே. தப்பாப் போச்சுன்னு நீயே சொல்லிப் போடு.

வசந்தாமணி: எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாரே. என்னத்தைச் சொல்லட்டும்? சொன்னா வேலையும் போகும், மூஞ்சியும் போகும்.

பொன்னாத்தாள்: ...வண்டிச் சத்தம் கேக்குது.

வசந்தாமணி: கேக்குது.

நல்லம்மாள்: அக்கா, பக்கத்தூட்டு ஒத்தைப் புள்ளை உண்ணாமலையைக் கூட்டியாரட்டுங்களா? அளக்க வந்தன்னிக்கு எம்பேரைச் சொல்லி நிக்க வெச்சீங்களே, அதே மாதிரி நிக்க வெச்சுருங்க. நான் மாட்டுக் கட்டுத்தரையில ஒளிஞ்சுக்கறேன். இந்தத் தடவை இரும மாட்டேன்.