நனையாத சாலை

மழை மாதங்களில் பெட்ரோல் டாங்க் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. என்னிடம் கார் ஓட்டக் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். நீங்கள் என்னிடம் கற்கவில்லை, மேடம்; வாசலில் உங்கள் வண்டி நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை. திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் வண்டியின் முகம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராகித்தாவில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஷிவோயின் நான்தான். எங்கள் ஊர் சிற்றாற்றின் இந்தக் கரையில், தோல்யானி அந்தக் கரையில். ஆறு கொஞ்ச தூரத்தில் சாவா என்னும் பெரிய நதியில் போய் விழுகிறது. சாவா நிறைந்துவிட்டால் தண்ணீர் போக இடமில்லாமல் இங்கே ஏறும். அப்படிப்பட்ட ஊரில் குடும்பத்தை வைத்திருக்கிறவன் செய்ய வேண்டியதை நான் செய்தேன். தப்பிப் போக மூன்று வழி வகுத்தேன். ஆற்றங்கரையோடு ஒன்று, பாப்லார் தோப்புக்குள் ஒன்று, ரயில் பாதையை ஒட்டி ஒன்று. வசந்த காலத்தில் ஒரு ஞாயிறும் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறும் எல்லோரையும் காரில் ஏற்றி ஒத்திகை பார்ப்பேன். எல்லோரும் என்றால் என் மனைவி வேரித்சா, மகள் நெவெனா, பக்கத்து வீட்டில் இருக்கும் மைத்துனன் ராதிஷா.

அவர்களுக்கு அது வேடிக்கை. "மச்சான், கக்கூஸ் போறதுக்கும் மாத்து வழி போட்டு வெச்சிருக்கியா? கதவு அடைச்சிக்கிட்டா நான் எந்தப் பக்கமா ஓடணும்?" என்பான் ராதிஷா.

"சும்மா இருடா. அவருக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு?" என்பாள் வேரித்சா.

நெவெனா காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுக்காமலே, "வெள்ளம் வந்தா எழுப்புங்கப்பா" என்பாள்.

நான் கோபப்பட்டதில்லை. சிரிக்கிறவர்களையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு குறை மட்டும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. மூன்று வழியும் செங்கல் சூளைக்கு அருகே ஒன்றாகக் கூடுகின்றன. அங்கே சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். ஆறு நிறைந்தால் முதலில் மூழ்குவது அதுதான். அதாவது, மூன்று வழி என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரே வழி. இது உறைத்த பிறகு கொஞ்ச நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேரித்சா அஜீரணம் என்று நினைத்து புதினாக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நல்லவள்.

இரண்டு கரைகளிலும் நடந்து பார்த்தபோது விடை கிடைத்தது. தோல்யானி தாழ்வான ஊர். அந்தப் பக்கத்துக் கரை திறந்துகொண்டால் தண்ணீர் அங்கே இறங்கிவிடும். நம் சாலை நனையாது. இதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை.

இந்த மே மாதம் மழை எப்படிப் பெய்தது என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலத்துக்குள் ராகித்தாவைக் காலி செய்யுங்கள் என்று மத்தியானம் வானொலியில் சொன்னார்கள். நான் வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனால், வேரித்சா கோஸ் இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்.

"முதல் ஈடு அடுப்புல ஏத்தியாச்சுங்க. பாதியில எறக்கினா வீணாப் போயிடும்."

"ராதிஷா எங்கே?"

"பன்னி இன்னிக்குக் குட்டி போடப் போவுதாம். அதை விட்டுட்டு வரமாட்டானாம். அவன் வராம நானும் வரமாட்டேன்."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. நாற்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டுத் திணறுகிற மாணவனைப் பார்த்துக் கத்தக் கூடாது. பின்னால் வருகிறவர்களை நிறுத்தி, அவனுக்கு நேரம் உண்டாக்கித் தர வேண்டும். நான் நேரம் உண்டாக்கப் போனேன்.

மண்வெட்டி எப்போதும் வண்டியிலேயே இருக்கும். பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனேன். நான் குறித்து வைத்திருந்த இடத்தில் ஸ்தானோயே தனியாக மணல் மூட்டைகளைச் சரி செய்துகொண்டிருந்தான். தோல்யானிக்காரன், என் மாணவன். ஓட்டுநர் தேர்வில் பலமுறை தோற்று, கடைசியில் தேறியபோது என்னைக் கட்டிக்கொண்டு அழுதவன்.

"சார், நீங்களா? இந்த மழையில எதுக்கு வந்தீங்க?"

"சர்ச்சு பக்கம் கரை கசியுதாம். ஆள் பத்தலையாம். உன்னை வரச் சொன்னாங்க."

"இதை யாரு பாத்துக்கறது?"

"நான் இருக்கேன்ல."

"அப்ப சரி சார். அந்த ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு, சூடா குடிங்க."

தேவாலயம் இருப்பது தோல்யானியிலேயே தாழ்ந்த இடத்தில். அது எனக்குத் தெரியும். ஆனால் நம்பும்படியாக ஓர் இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் வெட்டியது ஒரு முழ அகலம். அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் செய்தது. கரை வாய் பிளந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ நன்றாக இருந்தது. சர்க்கரைதான் சற்று அதிகம்.

நான் பாலத்தின் மேல் திரும்பி வரும்போது தோல்யானி தேவாலயத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. விடாமல் அடித்தது. வீட்டுக்கு வந்தால், வேரித்சா அடுப்பை அணைத்துவிட்டுப் பையோடு வாசலில் நிற்கிறாள். ராதிஷா பன்றியை விட்டுவிட்டு ஓடி வருகிறான். இத்தனை வருஷம் நான் பேசியது செய்யாததை அந்த மணி செய்துவிட்டது. அடித்தது ஸ்தானோயே என்று பிறகு சொன்னார்கள். அவன் அங்கே இருந்ததால்தான் மணியடிக்க ஆள் இருந்தது. மணி அடித்ததால்தான் பலர் கூரை ஏறிப் பிழைத்தார்கள். அவனை அங்கே அனுப்பியது யார் என்பதை உங்கள் விசாரணை அறிக்கையில் யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை.

சூளைப் பள்ளம் காய்ந்து கிடந்தது. அவ்வளவு அழகாக அந்தச் சாலையை நான் பார்த்ததில்லை. எல்லோரும் சொல்லாமலே சீட் பெல்ட் போட்டிருந்தார்கள்.

மேட்டில் ஏறியதும் எதிர்க்கரை தெரிந்தது. கூரைகளும் மரங்களும்தான் இருந்தன. தோல்யானியில் இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து, பாலம் வழியாகத் தப்பி வந்த சிலர் சாலையோரத்தில் நின்று கையை ஆட்டினார்கள்.

"அப்பா, நிறுத்துங்க!"

"வழியில நிறுத்தறது திட்டத்துல இல்லம்மா."

"யோவ் மச்சான், வெளையாடாத. அந்தப் பொம்பள கையில கொழந்தை இருக்குய்யா. நான் எறங்கிக்கிறேன், அதுங்களை ஏத்திக்க."

நெவெனா கதவைத் திறக்கப் பார்த்தாள். நான் கிளம்பும்போதே பூட்டியிருந்தேன். அவள் கண்ணாடியைக் குத்திக்கொண்டே வந்தாள். கை வீங்கிவிட்டது என்று பிறகு தெரிந்தது. வருத்தமாக இருந்தது.

வேரித்சா குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் கரிசல். எதிர்க்கரையில் மஞ்சள் களிமண்.

"உங்க பூட்ஸுல எப்படிங்க அந்தப் பக்கத்து மண்ணு?" என்று கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. சொன்னேன். பின் இருக்கையில் குத்துகிற சத்தம் நின்றது. பிறகு நிவாரண முகாமாக்கியிருந்த விளையாட்டு அரங்கம் வரைக்கும் பயணம் நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே போர்வை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேரித்சா போர்வைக்கு நிற்காமல், சூப் வரிசையைச் சுற்றிப் போகாமல், அதைப் பிளந்துகொண்டு நேராகப் போலீஸ்காரரிடம் போனாள். மிகக் குறுகிய வழி அதுதான். என்னையறியாமல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அன்று மத்தியானமே மேலே மதகுகளைத் திறந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள், அந்தச் சூளைப் பள்ளத்துக்குத் தண்ணீர் வந்தே இருக்காது என்று உங்கள் பொறியாளர் சொல்கிறார். இருக்கலாம். அவர் கணக்கில் நான் குறை காணவில்லை. அவருக்குக் குடும்பம் உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தோல்யானியில் ஏழு பேர் இறந்தார்கள். ஸ்தானோயேயும் அதில் ஒருவன். சாலையோரத்தில் கை ஆட்டிய பெண் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. கரையை நான்தான் வெட்டினேன், தெரிந்துதான் வெட்டினேன். ஏழு பேரையும் நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு சின்ன உதவி, மேடம். இங்கே என்னைப் பார்க்க இதுவரை யாரும் வரவில்லை. பெரிய சாலை இன்னும் பழுது பார்க்கப்படவில்லை என்று காவலர் சொன்னார், அதுதான் காரணம். வேரித்சாவிடம் சொல்லுங்கள்: இந்த ஜெயிலுக்கு வரும்போது சர்க்கரை ஆலையைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பினால் ஒரு மேட்டுப் பாதை இருக்கிறது. எந்த மழையிலும் அது மூழ்காது.