பாண்டித்துரை ஓட்டும் ரயில்

— ரயில் ஓட்டுறன் எண்டு சொன்னனீரோ? எந்த ரயிலை, பாண்டித்துரை? இந்தத் துபாய் ரயிலையோ?

— மெதுவாப் பேசு ரஜி, பிளாட்பாரத்துல ஆளுங்க இருக்காங்க. சத்தியமா வாய் தவறி வந்துருச்சு.

— வாய் தவறி ஒருக்கா வரும். நீர் ரயிலுக்கு முன்னால நிண்டு படமெல்லோ எடுத்து அனுப்பினனீர்.

— கனகா போன்ல கேட்டுச்சு, ரயில்ல என்ன வேலைன்னு. அது காலேஜ்ல லெக்சரர். கட்டிக்கப் போற பொண்ணு. அதுகிட்டப் போயி, ரயில் கண்ணாடி தொடைக்கிறேன்னு எப்படிச் சொல்லுறது?

— ஐசே, உலகத்தில எத்தினை வேலை கிடக்கு. டிரைவரே இல்லாமல் ஓடுற ரயிலுக்கு டிரைவர் எண்டு சொன்ன முதல் மனிசன் நீர்தான். அந்தப் புதினத்தைத்தானே பேப்பர் முழுக்கப் போட்டுப் பெருமையடிக்கிறாங்கள்.

— எங்க ஊருக்கு அந்தப் பேப்பர் வராதுல்ல.

— பேப்பர் வராது. ஆனா பொம்பிளையின்ர சித்தப்பா வாறார்.

— அதான் பிரச்சினையே. அபுதாபி முசஃபாவுல கராஜ்ல இருக்காரு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை லீவாம், பஸ் ஏறிட்டாரு. மாப்ள ஓட்டுற ரயில்ல ஏறிப் பாத்துட்டு ஊருக்குப் போன் போடுவாராம். அப்புறந்தான் தேதி குறிப்பாங்களாம்.

— அப்ப உமக்குக் கலியாணம் இருக்கோ இல்லையோ எண்டு இண்டைக்குத் தெரிஞ்சிடும். என்ன சொல்லப் போறீர்?

— எனக்கும் லீவுன்னு சொல்லுவேன்.

— நல்லாச் சொன்னீர். நான் ஒண்டும் கதைக்கமாட்டன். விடுப்புப் பாக்கத்தான் வந்தனான், உங்கட பாசையில வேடிக்கை.

— அந்தா, படியேறி வர்றாரு. வாங்க மாமா, வாங்க.

— வணக்கம் மாப்ள. பஸ்ஸுல உக்காந்து இடுப்பே போச்சு. இவரு யாரு?

— ரஜிதன், மாமா. யாழ்ப்பாணம். கராமாவுல ஒரே ரூம்.

— வணக்கம் அண்ணை. பாண்டித்துரை இல்லாட்டி இந்த ஊரே அசையாது.

— ரஜி.

— சரிதான், சரிதான். ஏன் மாப்ள, யூனிபாரம் போடல?

— இன்னைக்கு லீவு மாமா. ரயில் வந்துருச்சு, ஏறுங்க. முன்னாடி நின்னா ஊரே தெரியும்.

— யப்பா, என்னா கண்ணாடி. சினிமாத் தெரை மாதிரியில்ல இருக்கு. ஆமா, டிரைவர் சீட்டு எங்க?

— அது... இந்தப் பலகைக்குள்ள மூடி வச்சிருக்கும் மாமா.

— சரிதான். உங்களுக்கு இன்னைக்கு லீவு. அப்ப யாரு ஓட்டுறா?

— சொல்லும் பாண்டித்துரை, அண்ணை கேக்கிறார்.

— லீவு நாள்ல... அதுவா ஓடும் மாமா.

— அட, கெளம்பிருச்சே. அதுவா வளையுது பாருங்க. அதுவா நிக்கவும் செய்யுமோ?

— ஓம் அண்ணை, நிக்கும். கதவும் அதுவாத் திறக்கும். பாண்டித்துரை டியூட்டிக்கு வந்தா மட்டும் கொஞ்சம் கூச்சப்படும்.

— ரஜி, வாய மூடு.

— மாப்ள, ஒண்ணு கேக்கட்டா. நீங்க லீவு போட்டாலும் இது பாட்டுக்கு ஓடுது. அப்ப நீங்க டியூட்டிக்கு வந்து என்னதான் செய்வீங்க?

— மாமா, சத்தியமா...

— சத்தியமெல்லாம் வேணாம். உள்ளதச் சொல்லுங்க. கனகாவோட அம்மா போனப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— தொடைக்கிறேன் மாமா. இதே கண்ணாடியத்தான். ரயில் டிப்போவுக்கு வந்ததும் வெளிப்பக்கம் நான், உள்பக்கம் ஒரு நேபாளி. டிக்கெட் எடுத்து உள்ள ஏறுனதே இன்னைக்குத்தான்.

— முடிஞ்சுது. அண்ணை போனை எடுத்திட்டார்.

— மாமா, கெஞ்சிக் கேக்குறேன். படிச்ச பொண்ணு, நம்மளப் பாத்துச் சிரிச்சிருமோன்னு பயந்துதான் சொன்னேன். அது போட்டோவப் பாத்த நாள்லேருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல மாமா.

— இருங்க மாப்ள. ஹலோ, மதினி. கார்மேகம் பேசுறேன். ஆமா, ரயில்லதான் இருக்கேன். மாப்ளயும் பக்கத்துலதான் நிக்கிறாரு. ஆமா, கண்ணால பாத்துட்டேன், தங்கமா ஓடுது. தையிலயே தேதி குறிச்சிருங்க. வைக்கிறேன்.

— மாமா?

— என்ன அண்ணை இது? பொய் எண்டு தெரிஞ்சுமோ?

— ரயிலு ஓடுதுன்னுதான தம்பி சொன்னேன். இந்தா ஓடுதுல்ல.

— எம்மேல கோவம் இல்லியா மாமா?

— கோவமா? வர்ற வழியெல்லாம் எனக்குத்தான் மாப்ள பயம். ரயில் டிரைவர் வீட்டுல விசாரிச்சுக் கண்டுபுடிச்சிட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறதுன்னு. இப்பத்தான் மூச்சே வருது.

— எதக் கண்டுபுடிக்க, மாமா?

— அந்தக் காலேஜ்ல கனகாவும் கண்ணாடிதான் தொடைக்குது.