மஞ்சள் டேப்

உங்கள் அலுவலகப் படிகளின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு போடச் சொல்லுங்கள் ஐயா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடங்களாக ஒரு விளையாட்டரங்கை நிர்வகிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏழு படிகளும் ஒரே சாம்பல் நிறம், எது முடிகிறது எது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எங்கள் அரங்கில் எல்லாப் படிகளுக்கும் கோடு உண்டு. ஒரு டப்பா பெயின்டும் ஒரு பிற்பகலும் இருந்தால் முடிகிற வேலை.

நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்வது சத்தத்தில் தெரிகிறது. அவருக்குச் சிரமமில்லாமல் நிதானமாகவே சொல்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் அரங்கில் தற்காலிக கேலரி சரிந்து பதினான்கு பேருக்கு அடிபட்டது. ஒருவர் இறந்துபோனார். அதற்காக எங்கள் பயிற்சிப் பெண்ணைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். அவளை வெளியே விட வேண்டும் என்று சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

விளையாட்டு மேலாண்மை படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் எங்களிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருவார்கள். நானூறு மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அன்றாடம் செய்ததை ஒரு டைரியில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நானூறும் நிறைந்தால்தான் பட்டம். பெரிய வீரர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசையில் வருகிறவர்கள்தான் அதிகம். முதல் நாளே கழிவறைகளை எண்ணி வரச் சொல்வேன். முகம் தொங்கிப்போகும்.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த இந்தப் பெண் எண்ணியதோடு நிற்கவில்லை. எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நின்றாள். எப்போதும் அந்த நோட்டுப் புத்தகமும் கையுமாகத் திரிந்ததால் எங்கள் ஆட்கள் அவளுக்கு டைரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள்.

அந்தச் சமயத்தில்தான் என் கண் விஷயம் தெரியவந்தது. பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்றார் மருத்துவர். என் அண்ணனுக்கும் இதேதான். அவர் வீட்டின் பின்னறையில் ஒரு நாற்காலியில் பதினோரு வருடங்கள் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள், ‘இவர் சாப்பிட்டாரா?’ என்று அண்ணியிடம் கேட்பார்கள். அவரிடம் கேட்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். சாவைப் பற்றி எனக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை ஐயா. அந்த நாற்காலிக்குப் பயந்தேன். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டதாகச் சொல்லி ஒரு கடிதத்தை அவளிடம் நீட்டினேன். படித்தாள். மறுநாளும் நீட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து நான் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. போட்டி அட்டவணை, ஒப்பந்தம், புகார்க் கடிதம் எல்லாவற்றையும் அவள் வாசிப்பாள், நான் முடிவு சொல்வேன். கையெழுத்திட வேண்டிய கோட்டுக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்துவிடுவாள். என் பேனா அதன்மேல் நேராகப் போகும். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அவளுடைய நான்கு மாதப் பயிற்சி முடியப் போகும்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆகவே அவள் டைரியில் நாற்பது மணி நேரத்துக்குக் கையெழுத்திடாமல் விட்டேன். அந்த நாட்களின் வேலை திருப்தியாக இல்லை என்று கல்லூரிக்குப் போனில் சொன்னேன். கடிதமாக அனுப்பியிருக்கலாம், ஆனால் அதை அவள்தானே தட்டச்சு செய்ய வேண்டும். அவளோடு படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் இன்னொரு வருடம் இருந்து வாங்கினாள். அவளுக்கு என்மேல் வருத்தமில்லை.

“உங்க கையெழுத்து சும்மா கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க சார். அது நல்லதுக்குத்தான்.”

பட்டம் வந்ததும் வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். விளையாட்டுத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சான்றிதழை யாரும் நம்ப மாட்டார்கள். பயிற்சி கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டு, ஆள் எப்படி என்று கேட்பார்கள். அந்தப் போன் என் மேசைக்குத்தான் வரும். நான் அவளைப் பற்றி ஒரு பொல்லாப்பும் சொன்னதில்லை. எல்லோரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

“நல்ல பொண்ணு, கெட்டிக்காரி. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் தனியா விட்டுடாதீங்க, கூட ஒருத்தர் இருந்தா நல்லது.”

ஏன் என்று சிலர் கேட்டார்கள். அதற்குமேல் சொல்வது நாகரிகமில்லை என்றேன். இரண்டு வருடங்களில் ஒன்பது இடங்கள். ஒவ்வொரு முறையும் வேலை கிடைக்காமல் அவள் வந்து நிற்கும்போது நான்தான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு பருவத்துக்கும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அவளுக்குப் பயிற்சிப் பணியாளர் இடத்தை நீட்டித்துக் கொடுத்ததும் நான்தான். அவள் அம்மா ஒருமுறை நேரில் வந்து, ‘நீங்க இல்லன்னா என் பொண்ணு கதி என்னாகியிருக்கும்’ என்று கண்ணீர் விட்டார். எனக்கும் மனம் கனத்துவிட்டது.

போன வருடம் விண்ணப்பங்கள் குறைந்துவிட்டன. சிரிப்பும் குறைந்துவிட்டது. டைரி என்று யாராவது கூப்பிட்டால் திரும்புவதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

“என்கிட்ட ஏதோ குறை இருக்கு சார். எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும்தான் தெரியல.”

குறையில்லாதவர் யாரும்மா, வேலையில் கவனம் வை என்றேன். அவள் கவனம் வைத்தாள்.

இனி கேலரி விஷயத்துக்கு வருகிறேன். பெரிய போட்டி என்றால் மைதானத்தின் ஒரு பக்கத்தில் இரும்புக் குழாய்களை நட்டு, பலகை போட்டுத் தற்காலிக கேலரி கட்டுவோம். குழாய்கள் சேரும் இடங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஒரு லாக் பின் செருக வேண்டும். கேலரி கட்டும் ஆட்கள் அவசரத்தில் பத்து இருபதை விட்டுவிடுவார்கள். சோதிப்பவர் சொன்னால் வந்து செருகுவார்கள். தப்புதான், ஆனால் அப்படியே பழகிப்போனது. டைரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பின் இருக்கும் இணைப்புக்கு மேலே மஞ்சள் டேப் ஒன்றைச் சுற்றுவாள். அவள் சுற்றி முடித்தபின் நான் ஒரு நடை போய் இங்குமங்கும் விரலால் தடவிப் பார்ப்பேன். டேப் இருந்தால் பின் இருக்கிறது என்று அர்த்தம். சோதனை நடப்பது போட்டியன்று காலையில்தான், ஆனால் படிவத்தை முந்தின நாளே நிரப்பி, தன் கையெழுத்தையும் போட்டு என் மேசையில் வைத்துவிடுவாள். காலையில் சோதனை முடிந்ததும் நான் மேற்கையெழுத்திடுவேன்.

அன்று பள்ளி அணிகளின் இறுதிப் போட்டி. காலை எட்டு மணிக்கு டைரி போன் செய்தாள்.

“அம்மாவுக்குக் காய்ச்சல் சார். மேசையில இருக்கிற படிவத்தைக் கிழிச்சிடுங்க. மேஸ்திரியை வச்சு ஒருதடவை முழுசா பாத்துடுங்க சார், ப்ளீஸ்.”

பரவாயில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள் என்றேன். அவள் வந்ததாகவே எங்கள் பதிவேட்டில் குறிக்கச் சொன்னேன், ஒருநாள் படி போக வேண்டாமே என்று. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அது நல்லெண்ணத்தில் செய்தது.

ஒன்பது மணிக்கு நான் கேலரிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். மறுபடி போன். பக்கத்து நகரத்து நிறுவனம் ஒன்றிலிருந்து, பத்தாவது அழைப்பு. உங்கள் பயிற்சிப் பெண் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே கூப்பிடுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் என்றார்கள். அவள் விண்ணப்பத்தில் என் பெயரைக் கொடுக்கவே இல்லையாம். எங்கள் அரங்கின் பெயரைப் பார்த்து அவர்களாகவே கூப்பிட்டிருக்கிறார்கள்.

காய்ச்சல் என்று பொய் சொல்லியிருக்கிறாள். மூன்று வருடங்களில் அவள் என்னிடம் சொன்ன முதல் பொய். எனக்கு நெஞ்சு வலித்தது என்றே சொல்வேன். அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவளை உள்ளே கூப்பிடாமலே அனுப்பிவிட்டார்கள். அந்த நிறுவனத்துப் பார்வையாளர் பதிவேட்டில் அவள் பெயர்கூட ஏறவில்லை.

மேஸ்திரி வந்தார். “டைரி வரலையா சார்? அவங்க ஒருதடவை பாத்துட்டா எங்களுக்கு நிம்மதி.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவரை என்னோடு நடக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நீங்களே பார்க்க மாட்டீர்களா என்று அவர் மனதில் ஒரு கேள்வி வரும். நான் தனியாகவே போனேன். தடவினேன். முதல் வரிசையில் டேப் இருந்தது. நடு வரிசையில் இருந்தது. பின் வரிசையிலும் இருந்தது. இவள் இல்லாமலும் வேலை நடக்கிறதே என்று அந்தக் கோபத்திலும் ஒரு திருப்தி. அறைக்குப் போய் ஸ்கேலை நானே வைத்து, அவள் கிழிக்கச் சொன்ன படிவத்தில் கையெழுத்திட்டேன்.

போட்டிக்கு முந்தின வாரம் முழுவதும் வேறு வேலையில் இருந்ததால் அவள் கேலரிப் பக்கமே போகவில்லை என்பதும், கேலரிக் குழாய்கள் லாரியிலிருந்து இறங்கியதும் பழைய டேப்பை எல்லாம் உரித்துவிட்டுத்தான் அவள் எப்போதும் சோதனையைத் தொடங்குவாள் என்பதும் எனக்குத் தெரியாது. என் விரலில் பட்டது முந்தைய போட்டியின் டேப். பின் வரிசையில் பதினேழு பின்கள் இல்லை.

பதினொன்று இருபதுக்குச் சரிந்தது. கூட்டத்தின் சத்தத்தை வைத்து, யாரோ கோல் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இறந்தவர் எங்கள் புல்தரையைப் பராமரித்தவர். புல்லுக்காரர் என்போம். வெயிலுக்குக் கேலரியின் கீழே ஒதுங்கியிருக்கிறார். அரங்கின் படிகளுக்கு வெள்ளைக் கோடு போட்டது அவர்தான். யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தேன், மறுநாள் கோடுகள் இருந்தன. ‘நீங்க மறுபடி விழுந்தா என் புல்லு நசுங்கிடும் சார்’ என்றார். அவ்வளவுதான். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் நான் படியிறங்கிப் போனேன்.

அன்று மாலையே நீங்கள் வந்தீர்கள். படிவத்தில் அவள் கையெழுத்து, பதிவேட்டில் அவள் வருகை. அவளைக் கூப்பிட்டுவிட்டீர்கள். என் மேசைக்கு எதிரே நின்று அவள் பேசினாள்.

“நான் காலைல இங்க இல்ல சார். உங்களுக்குத் தெரியும்ல. சொல்லுங்க சார்.”

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான். கையெழுத்து இருக்கேம்மா என்றேன். பிறகு நீங்கள் அவள் முன்பு விண்ணப்பித்த இடங்களை எல்லாம் விசாரித்தீர்கள். பாதுகாப்பு விஷயத்தில் அவளை நம்ப முடியாது என்று ஒன்பது நிறுவனங்களும் ஒரே மாதிரி சொல்கின்றன, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று என்னிடமே வியந்தீர்கள். ஒரே மாதிரிதான் இருக்கும் ஐயா. அது என் வாக்கியம்.

ஆகவே, கேலரியைச் சோதித்தது நான். படிவத்தை வைத்துக்கொண்டது நான். அவள் எங்கே இருந்தாள் என்று தெரிந்தும் இருபத்துமூன்று நாட்கள் வாய் திறக்காதது நான். ஒன்பது மணி அழைப்பு என் போனிலேயே பதிவாகியிருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். புல்லுக்காரரைக் கொன்றது நான்தான் என்று எழுதச் சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏன் இப்போது என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை அரங்கத்தை மறுபடி திறக்கிறார்கள். என் மேசையில் நாற்பது பக்கம் காத்திருக்கிறது. கணக்குப் பிரிவு அம்மாவை உதவிக்கு அனுப்பினார்கள். நான் ஒரு தாளை எடுத்துப் படிப்பது போல் வைத்திருந்தேன். ‘சார், தலைகீழா பிடிச்சிருக்கீங்க’ என்று சிரித்தார். அவரோடு ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. தண்டனை எதுவானாலும் அப்புறம் பேசிக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்குள் டைரி வந்துவிட வேண்டும்.

படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்கிறீர்கள். நியாயம்தான், படிக்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது. அவளை இன்று விசாரணைக்குக் கூட்டிவந்து பக்கத்து அறையில்தான் வைத்திருக்கிறீர்கள் என்று காவலர் சொன்னார். இரண்டு நிமிடம் அவளை இங்கே வரச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டட்டும். உங்களிடம் ஒரு ஸ்கேல் இருந்தால் அதையும் அவள் கையில் கொடுங்கள், எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.