கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு மட்டும்

அதிகாரி: ...அதனால கையை நீட்டுங்கம்மா. அரசாங்கமே உங்க விரலைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கு.

தையல்காரர்: நீட்டு, நீட்டு. பெரிய இடத்து ஊசி.

மனைவி: நானே தினமும் குத்திப் பார்த்துக்கறேனே சார்...

அதிகாரி: அது உங்க மிஷின். இது துறையோட மிஷின், பொய் சொல்லாது. ம்... நூத்திப் பதினஞ்சு! பாராட்டுகள் அம்மா! சர்க்கரை அளக்கற உங்க இலவச ஸ்ட்ரிப்பை இந்த மாசத்தோட நிறுத்திடறோம்.

தையல்காரர்: பாராட்டிட்டு நிறுத்தறீங்களா?

அதிகாரி: இத்திட்டம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதோருக்கு மட்டுமே. அம்மா கட்டுப்பாட்டில் இருக்காங்க.

தையல்காரர்: யாரு... இவளா?

மனைவி: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. சார், தினம் பார்த்து, அதுக்கேத்த மாதிரி இன்சுலின் போட்டுக்கறேன். அதனாலதான் கட்டுப்பாட்டுல இருக்கு.

அதிகாரி: காரணம் எதுவா இருந்தா என்ன? துறை முடிவைத்தான் பார்க்கும்.

தையல்காரர்: சட்டை கச்சிதமா பொருந்திடுச்சு, இனி டேப் எதுக்குன்னு என் கழுத்துலேர்ந்து உருவற மாதிரி இருக்கு சார். போன மாசம் ஸ்ட்ரிப் வரத் தாமதமாச்சு. சர்க்கரை குறைஞ்சு கிடக்கறது தெரியாம ஊசியைப் போட்டுக்கிட்டு, குளியலறையில விழுந்துட்டா. கதவை உடைச்சுத்தான் தூக்கினேன்.

அதிகாரி: அடடா... விழுந்தப்போ அளவு என்ன?

தையல்காரர்: அளக்கத்தான் ஸ்ட்ரிப் இல்லையே!

அதிகாரி: அப்போ விழுந்ததுக்கு ஆதாரம் இல்லை.

மனைவி: நெத்தியில தழும்பு இருக்கு...

அதிகாரி: தழும்பு வேற துறைம்மா.

தையல்காரர்: மாடி வீட்டு டீச்சருக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீங்க? நடந்து நடந்து ஈர்க்குச்சியா இருக்காங்க!

அதிகாரி: அவங்களுக்கு முந்நூத்தி அறுபது.

தையல்காரர்: கேட்டியா? ஏன், உனக்கும் காலையில ஒரு சொம்பு சர்க்கரைப் பாகு கலக்கிக் கொடுத்தேனே! அதுக்குமா ஏறலை?

அதிகாரி: என்ன... என்ன கலக்கிக் கொடுத்தீங்க?

மனைவி: அதை நான் குடிக்கவே இல்லைங்க. தொட்டியில கொட்டிட்டேன். உயிரோட இருக்கத்தானே ஸ்ட்ரிப் கேக்கறோம்? அதுக்காக உயிரை விடவா?

தையல்காரர்: போச்சு! இனி கதவை உடைக்க எனக்குத் தோளுல பலம் இல்லை, சொல்லிட்டேன்.

அதிகாரி: ...கதவைச் சாத்துங்க.

தையல்காரர்: சார், ஒரு சொம்பு பாகுக்காகப் போலீஸ் வரைக்கும் எல்லாம்...

அதிகாரி: சாத்துங்கய்யா. ஜன்னலையும்.

தையல்காரர்: ஓ... புரியுது சார். எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?

அதிகாரி: சீச்சீ! என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது? கொஞ்சம் பஞ்சு கொடுங்க.

மனைவி: மறுபடியும் எனக்கா... ஐயோ, சார்! அது உங்க விரல்!

அதிகாரி: கத்தாதீங்கம்மா. இந்த வீட்டுல எடுத்த ரத்தம்தானே? ம்... முந்நூத்தி எழுபது. பிரமாதம்! அம்மா கட்டுப்பாட்டில் இல்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஸ்ட்ரிப் உண்டு.

தையல்காரர்: முந்நூத்தி எழுபதா! எப்படி சார் நிக்கறீங்க?

மனைவி: பத்து விரலும் சல்லடையா இருக்கே... நீங்க மருந்தே சாப்பிடறதில்லையா?

அதிகாரி: சாப்பிட்டா இறங்கிடுமேம்மா! அப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் ஸ்ட்ரிப் கிடைக்காது... சர்க்கரை தூக்கலா ஒரு டீ போடுங்களேன், எதிர்வீடு இன்னும் பாக்கி இருக்கு.